ஓடும்போது தங்கம், எடுத்து வைக்கும்போது தலைவலி: ஒரு இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் விமர்சனம்

ஜெனரேட்டர் விமர்சனம் என்று எதைத் திறந்தாலும் எவ்வளவு சத்தம், எத்தனை வாட், ஒரு டேங்க் பெட்ரோலில் எத்தனை மணி நேரம் ஓடும் என்பதோடு முடிந்துவிடுகிறது. இதெல்லாம் முக்கியம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வீட்டுக்கு வாங்குகிற ஜெனரேட்டர் ஓடுகிற நேரத்தைவிட மூலையில் சும்மா உட்கார்ந்திருக்கிற நேரம் பல மடங்கு அதிகம், கெட்டுப்போவதும் அந்தச் சும்மா இருக்கிற காலத்தில்தான். அதனால் நான் வைத்திருக்கும் 2 கேவிஏ இன்வெர்ட்டர் ஜெனரேட்டரை, அதாவது மின்சாரத்தை எலக்ட்ரானிக் சர்க்யூட் வழியாகச் சீராக்கித் தரும், கைப்பிடியோடு பிளாஸ்டிக் உறைக்குள் அடங்கி வரும் சூட்கேஸ் ரகத்தை, இந்த ஒரே கோணத்தில் மட்டும் எடைபோடப் போகிறேன். மாதக்கணக்கில் ஓட்டாமல் எடுத்து வைக்க வேண்டும் என்றால் இது நமக்கு எவ்வளவு ஒத்துழைக்கிறது?

பிராண்டின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொல்லியும் பெரிய பயன் இல்லை, ஏனென்றால் இந்த ரகத்தில் ஏறக்குறைய ஒரே அமைப்புதான் வேறு வேறு நிறத்தில், வேறு வேறு ஸ்டிக்கரோடு பல பெயர்களில் விற்கிறது. உங்களிடம் இருப்பது சுமார் 20 கிலோ எடை, 4 லிட்டரை ஒட்டிய டேங்க், கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்வது, முன்பக்கம் ஒரே ஒரு திருகு குமிழ் என்றால் நான் சொல்வதில் பெரும்பகுதி உங்களுக்கும் பொருந்தும்.

ஓட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நன்றாக ஓடுகிறது, பக்கத்தில் நின்று சாதாரணமாகப் பேச முடிகிறது, லேப்டாப்பும் ஃபிரிட்ஜும் முகம் சுளிக்காமல் வேலை செய்கின்றன. ஓட்டத்துக்கு மட்டும் 5க்கு 4.5 கொடுப்பேன். எடுத்து வைக்கும் வசதிக்கு 2, அதுவும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுவது சுலபமாக இருப்பதால்.

எடுத்து வைப்பதில் பெரிய விஷயம் பெட்ரோல்தான், மற்றதெல்லாம் அதற்கு அப்புறம். பெட்ரோல் ஒரே பொருள் இல்லை, பல ஹைட்ரோகார்பன்களின் கலவை. அதில் லேசானவை முதலில் ஆவியாகிப் போய்விடும், ஆறிப்போன இன்ஜின் சட்டென்று பற்றிக்கொள்ள உதவுவதே அவைதான். மிச்சம் இருப்பது காற்றில் உள்ள ஆக்சிஜனோடு மெல்ல வினைபுரிந்து பிசினாக மாறும். டேங்கில் இருக்கும் பெட்ரோல் இதைக் கொஞ்ச காலம் தாங்கும். ஆனால் பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரின் அடியில் மிதவை இருக்கும் கிண்ணத்தில் நிற்பது சில தேக்கரண்டி அளவுதான், அதனால் முதலில் கெடுவது அதுதான், கெட்டால் அடைபடுவது அதற்கு மேலே இருக்கும் ஜெட், அதாவது பெட்ரோல் அளவாகப் போகும் நுண்துளைக் குழல். மெதுவான ஓட்டத்துக்கான ஜெட்டின் துளை ஊசி முனை அளவுதான் இருக்கும். அதில் லேசாகப் பிசின் படிந்தாலே போதும், சோக் இழுத்து வைத்தால் ஓடும், விட்டால் நின்றுவிடும், அல்லது இன்ஜின் வேகம் ஏறி இறங்கி ஏறி இறங்கி மூச்சிரைக்கும். இன்வெர்ட்டர் ரகத்தில் லோடுக்கு ஏற்ப வேகத்தைக் குறைக்கும் ஈகோ சுவிட்ச் இருக்கிறதே, அதைப் போட்டால் இந்த நோய் இன்னும் பளிச்சென்று தெரியும்.

எத்தனால் கலந்த பெட்ரோல் என்றால் இன்னொரு தொல்லை. எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஓர் அளவு வரை அந்தத் தண்ணீர் பெட்ரோலிலேயே கரைந்து கிடக்கும், அளவைத் தாண்டினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து தனியாகப் பிரிந்து டேங்கின் அடிக்குப் போய்விடும். இன்ஜினுக்கு எரிபொருள் போகும் குழாய் எங்கே இருக்கிறது? அதே அடியில். பிரிந்த பிறகு எந்த மருந்தை ஊற்றினாலும் அது மறுபடி ஒன்றுசேராது, மொத்தத்தையும் வெளியேற்றுவதைத் தவிர வழியில்லை. அலுமினியக் கிண்ணத்தில் வெள்ளை வெள்ளையாகப் பொடி பூத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அது இந்தத் தண்ணீரின் வேலை.

சரி, இப்போது என் புகாருக்கு வருகிறேன். கார்புரேட்டரைக் காலி செய்ய எல்லோரும் சொல்லும் வழி, பெட்ரோல் வரும் வால்வை மூடிவிட்டு இன்ஜினைத் தானாக நிற்கும் வரை ஓட விடுவது. கிண்ணத்தில் இருப்பதை இன்ஜினே குடித்து முடித்துவிடும். என் மெஷினில் இது முடியாது. முன்பக்கக் குமிழ் ஒன்றே ஒன்று, அதில் ஆஃப், ரன், சோக் என்று மூன்று நிலைகள். ஆஃபுக்குத் திருப்பினால் பெட்ரோலும் நிற்கிறது, அதே நொடியில் ஸ்பார்க்கும் நிற்கிறது. கிண்ணம் நிரம்பியபடியே அப்படியே இருக்கிறது. ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் ஒரு கிண்ணம் பெட்ரோலை உள்ளே பூட்டி வைப்பதற்காகவே செய்தது போன்ற அமைப்பு இது. ஒரே குமிழில் எல்லாம் என்பது கடையில் பார்க்க அழகாக இருக்கும், பெட்டியின் மேலும் பெரிதாக அச்சடித்திருப்பார்கள். இப்போது வரும் சில மாடல்களில் பெட்ரோலை மட்டும் நிறுத்துவதற்குத் தனியாக இன்னொரு நிலை கொடுத்திருக்கிறார்கள், அந்த ஒரு கிளிக் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், அதற்காக இரண்டு டெசிபல் சத்தம் கூடுதலாக இருந்தாலும் பரவாயில்லை என்பேன். பழைய மாடலுக்கு அதைப் பொருத்தித் தர முடியுமா என்று கேட்டதற்கு முடியாது என்றுதான் பதில் வந்தது. சிலர் நடுவில் குழாயை வெட்டித் தனி வால்வு வைக்கிறார்கள். மூடிய உறைக்குள், சூடான சைலன்சருக்குப் பக்கத்தில், நம் கைவேலையில் ஒரு பெட்ரோல் இணைப்பா? எனக்குத் துணிச்சல் இல்லை, உங்களுக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

அதனால் மிச்சம் இருக்கும் வழி கிண்ணத்தின் அடியில் இருக்கும், பெட்ரோலை வடிக்கும் டிரெயின் ஸ்க்ரூ. அங்கேதான் இரண்டாவது புகார். மச்சானிடம் இருப்பது இரும்புக் கம்பிச் சட்டத்தில் திறந்தபடி இருக்கும் பழைய ரகம், காது கிழியும் சத்தம், தூக்க இரண்டு பேர் வேண்டும். ஆனால் அதில் குனிந்து பார்த்தாலே கார்புரேட்டர் தெரிகிறது, பெட்ரோல் வால்வை மூடி, ஓடி நின்றதும், ஆறவிட்டு அடியில் ஒரு சின்னக் கிண்ணம் வைத்து போல்ட்டைத் தளர்த்தினால் மிச்சமும் இறங்கிவிடும், வேலை முடிந்தது. (ஓடித் தானாக நின்ற பிறகும் ஜெட்டுக்குக் கீழே கொஞ்சம் தங்கியிருக்கும், அதனால் இந்த போல்ட் வேலையை விட வேண்டாம்.) என்னுடையதில் பக்கவாட்டு மூடியைக் கழற்ற வேண்டும், மூடியைக் கழற்றினால் ஏர் ஃபில்டர் பெட்டி வழிமறிக்கிறது, அதன் பின்னால் கையை வளைத்து நீளமான ஸ்க்ரூட்ரைவரை விட்டால்தான் ஸ்க்ரூ எட்டும். வழிகிற பெட்ரோல் உறையின் அடிப்பகுதியில் தேங்காமல் வெளியே வருவதற்கு ஒரு சின்ன ரப்பர் குழாய் கொடுத்திருக்கிறார்கள், அதற்கு நன்றி. ஸ்க்ரூ மென்மையான உலோகம், சரியான அளவு முனை இல்லாமல் திருகினால் தலை மழுங்கிவிடும்.

கூடவே வந்த கையேட்டில் சேமித்து வைப்பதற்கு ஒரு பக்கம்கூட முழுதாக ஒதுக்கவில்லை. "கார்புரேட்டரிலிருந்து எரிபொருளை வெளியேற்றவும்" என்று ஒரு வரி. எங்கே, எந்த வழியாக, எந்தக் கருவியால் என்று ஒன்றுமில்லை. எச்சரிக்கை வாசகங்களுக்கு மட்டும் பக்கம் பக்கமாக இடம் இருக்கிறது.

டேங்கைக் காலி செய்வதில் சிக்கல் இல்லை. வாய் அகலமாக இருக்கிறது, உள்ளே இருக்கும் வலைச் சல்லடையைத் தூக்கிவிட்டுக் கையால் அழுத்தும் பம்ப் வைத்து உறிஞ்சி எடுத்துவிடலாம். இதையெல்லாம் இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு, வெட்டவெளியில், பக்கத்தில் நெருப்போ சிகரெட்டோ இல்லாத இடத்தில்தான் செய்ய வேண்டும், பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தரையாக நாம் நினைக்காத தூரத்துக்குப் பரவும். எடுத்த பெட்ரோல் புதிதாக, சுத்தமாக இருந்தால் வண்டியில் ஊற்றிக்கொள்ளலாம். நிறம் கருத்து, வார்னிஷ் வாடை வந்துவிட்டதென்றால் வண்டிக்கும் வேண்டாம், சாக்கடைக்கும் வேண்டாம், ஆபத்தான கழிவுகளை வாங்கிக்கொள்ளும் இடத்தில் கொடுத்துவிடுவதுதான் முறை.

இப்போது எல்லோரும் சண்டை போடும் கேள்வி: டேங்கைக் காலியாக வைப்பதா, நிரப்பி ஸ்டெபிலைசர் ஊற்றி வைப்பதா? இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. இரும்பு டேங்க் காலியாக இருந்தால் உள்ளே இருக்கும் காற்றின் ஈரம் இரவில் வேர்த்து, துரு பிடிக்கும். நிரம்பியிருந்தால் காற்றுக்கு இடமில்லை, துருவும் இல்லை. ஸ்டெபிலைசர் என்பது பெரும்பாலும் ஆக்சிஜனேற்றத்தைத் தள்ளிப்போடும் ரசாயனம். இந்த வகையில் ரொம்பப் பேர் அறிந்த ஸ்டா-பில் சிவப்பு பாட்டிலின் அளவு 2.5 கேலனுக்கு 1 அவுன்ஸ், அதாவது சுமார் 9.5 லிட்டருக்கு 30 மில்லி, 24 மாதம் வரை பெட்ரோல் கெடாது என்பது அவர்கள் சொல்வது. என் டேங்குக்குக் கணக்குப் போட்டால் 12, 13 மில்லி போதும். மருந்தைவிட நேரம் முக்கியம், பங்கிலிருந்து வந்த புது பெட்ரோலில்தான் கலக்க வேண்டும், பாதி கெட்டுப்போன பெட்ரோலை இது திருப்பிக் கொண்டுவராது. கலந்த பிறகு பத்து நிமிடமாவது இன்ஜினை ஓட்ட வேண்டும், இல்லையென்றால் மருந்து டேங்கிலும் பழைய பெட்ரோல் கார்புரேட்டரிலும் இருக்கும், ஊற்றியதற்கே அர்த்தம் இல்லை.

என் தீர்ப்பு இதுதான். ஓரிரு மாதம்தான் சும்மா இருக்கும், அவசரத்துக்கு உடனே எடுக்க வேண்டியிருக்கும் என்றால் ஸ்டெபிலைசர், டேங்க் நிறைய பெட்ரோல், ஆனால் கார்புரேட்டர் கிண்ணம் காலி. அதைவிட நீண்ட காலம் என்றால், அல்லது வீட்டோடு ஒட்டிய அறையில் வைக்கப் போகிறீர்கள் என்றால், முழுக்கக் காலி. தூங்குகிற அறைக்கும் அடுப்புக்கும் பக்கத்தில் நாலு லிட்டர் பெட்ரோலை மாதக்கணக்கில் வைத்திருப்பதைவிடக் கொஞ்சம் துரு எனக்கு மேல். காலி செய்த டேங்கின் உள்சுவரில் சில துளி இன்ஜின் ஆயில் விட்டு, மெஷினை மெல்ல அசைத்து எல்லாப் பக்கமும் படரவிட்டால் அந்தப் பயமும் குறையும். பெட்ரோல், எல்பிஜி இரண்டிலும் ஓடும் மாடல் வைத்திருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள், அவர்கள் எப்போதும் கேஸில் ஓட்டி டேங்கைத் தொடாமலே விட்டுவிடலாம், கேஸ் எத்தனை நாள் இருந்தாலும் பிசின் ஆகாது.

அடுத்து ஆயில். ஓடிய ஆயிலில் எரிந்த கழிவும் அமிலமும் ஈரமும் இருக்கும், அதை உள்ளே விட்டு மாதக்கணக்கில் ஊற வைப்பதால் பேரிங்குக்குத்தான் கேடு. அதனால் எடுத்து வைப்பதற்கு முன்னால் மாற்ற வேண்டும், எடுக்கிற அன்றைக்கு அல்ல. கொஞ்ச நேரம் ஓட்டி, வெதுவெதுப்பாக இருக்கும்போது இறக்கினால் அழுக்கும் சேர்ந்து வரும். இந்த மாடலில் ஆயில் டிரெயின் போல்ட் கிடையாது! ஊற்றுகிற வாய் வழியாகவே மெஷினைச் சாய்த்துக் கொட்ட வேண்டும். 20 கிலோவை ஒரு கையால் சாய்த்துப் பிடித்து, மறு கையால் புனலைப் பிடித்து, கருத்த ஆயில் பிளாஸ்டிக் உறையில் வழியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பெட்ரோலை முதலில் இறக்கிவிட்டு அப்புறம் இதைச் செய்தால் சாய்க்கும்போது மூடி வழியாகப் பெட்ரோல் ஒழுகாது. ஆயில் வாயில் பொருத்தும் வளைந்த குழாய் தனியாகக் கிடைக்கிறது, வாங்கிவிடுங்கள். பிடிப்பது அரை லிட்டருக்கும் குறைவு, பெரும்பாலும் 10டபிள்யூ-30 என்ற கெட்டித்தன்மை ரகம், அதனால் செலவைப் பார்த்துத் தள்ளிப்போடக் காரணமே இல்லை.

ஸ்பார்க் பிளக் வேலையில்தான் இவர்கள் என்னிடம் மதிப்பெண் வாங்கினார்கள். மேலே ஒரு சின்ன மூடி, அதைத் திறந்தால் நேராக பிளக், கூடவே கொடுத்த ஸ்பேனர் சரியாக உட்காருகிறது. பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி சுத்தமான இன்ஜின் ஆயில் விட்டு, துளை மேல் ஒரு துணியைப் போட்டு, ஸ்டார்ட்டர் கயிற்றை மெதுவாகச் சில முறை இழுத்தால் சிலிண்டர் சுவர் முழுக்க ஆயில் பூசிக்கொள்ளும், பிஸ்டன் ரிங் துருப்பிடித்து ஒட்டாது. குமிழ் ஆஃபில் இருக்க வேண்டும், பிளக் வயரையும் துளையிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். அள்ளி ஊற்றாதீர்கள், பிஸ்டனுக்கு மேலே ஆயில் நிரம்பினால் அடுத்த முறை கயிறு அசையாது.

பிளக்கைத் திரும்ப மாட்டிய பிறகு செய்யும் ஒரு வேலையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கயிற்றை மெல்ல இழுத்துக்கொண்டே போனால் ஓர் இடத்தில் கை கனக்கும், அங்கேயே நிறுத்திவிட வேண்டும். பிஸ்டன் அழுத்தத்துக்கு ஏறுகிற இடம் அது, அப்போது உள்வால்வும் வெளிவால்வும் இரண்டுமே மூடியிருக்கும், வெளிக்காற்றும் ஈரமும் சிலிண்டருக்குள் போகாது. காசில்லாத வேலை, ஒரு நிமிடம்கூட ஆகாது.

ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்சைச் சோப்புத் தண்ணீரில் அலசி, முழுதாகக் காயவைத்து, சில துளி ஆயில் விட்டுப் பிழிந்து மாட்டினால் போதும். காகித ஃபில்டர் என்றால் கழுவ வேண்டாம், தட்டிப் பாருங்கள், இல்லையென்றால் மாற்றுங்கள். சைலன்சர் வாய் எலிக்கும் பூச்சிக்கும் பிடித்த வீடு, துணி அடைத்து வைப்பது நல்லது, ஆனால் கண்ணை உறுத்தும் நிறத் துணியாக இருக்கட்டும், பாதி வெளியே தொங்கட்டும், குமிழிலும் ஒரு சீட்டைக் கட்டுங்கள். துணியோடு ஸ்டார்ட் செய்பவர் நீங்களாக இருக்க வேண்டும் என்று இல்லை, வீட்டில் வேறு யாராவது இருக்கலாம்.

மச்சானுடைய பெரிய மெஷினில் இரண்டு விஷயம் கூடுதலாகப் பார்க்க வேண்டியிருக்கிறது, என்னுடையதில் அந்தத் தொல்லை இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒன்று பட்டன் ஸ்டார்ட்டுக்கான 12 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரி. இது சும்மா இருந்தாலே தானாக இறங்கும், இறங்கிய நிலையில் விட்டுவைத்தால் தகடுகளில் சல்ஃபேட் இறுகிப்போய் அப்புறம் சார்ஜே ஏறாது. நெகட்டிவ் வயரை முதலில் கழற்றித் தனியாக எடுத்து வைத்து, அவ்வப்போது மீட்டரில் பார்த்து, 12.4 வோல்ட்டுக்கு இறங்கினால் சார்ஜ் போட வேண்டும், முழு சார்ஜில் 12.6க்கு மேலே காட்டும். இரண்டாவது விஷயம் பலருக்குத் தெரியாது. இன்வெர்ட்டர் இல்லாத பழைய ரக ஜெனரேட்டர் மின்சாரம் தர ஆரம்பிப்பதே அதன் இரும்பில் மிச்சம் இருக்கும் கொஞ்சம் காந்தத்தை நம்பித்தான். ரொம்ப நாள் ஓடாமல் கிடந்தால் அந்தக் காந்தம் மங்கிவிடலாம். அப்போது இன்ஜின் ஜம்மென்று ஓடும், பிளக் பாயின்ட்டில் ஒன்றும் வராது, உடனே காயில் (கம்பிச்சுருள்) போயிற்று என்று பயந்துவிடுவார்கள். தெரிந்த மெக்கானிக் பேட்டரியிலிருந்து கொஞ்ச நேரம் மின்சாரம் கொடுத்து உயிர்ப்பித்துவிடுவார். சூட்கேஸ் ரகத்தில் சுழல்வது நிரந்தரக் காந்தம், அதனால் இந்த வியாதி வராது.

இதையெல்லாம் விட்டுவிட்டு மாதம் ஒரு முறை ஓட்டினால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதும், உண்மையாகவே ஓட்டினால். ஓட்டுவது என்றால் இரண்டு நிமிடம் உறுமவிட்டு அணைப்பது இல்லை, ஃபேனோ ஹீட்டரோ ஏதாவது லோடு கொடுத்து இன்ஜின் நன்றாகச் சூடாகும் வரை ஓட்டுவது. அரைகுறைச் சூட்டில் நிறுத்தினால் எரிந்ததில் உண்டாகும் தண்ணீர் ஆயிலிலேயே தங்கிவிடும், ஓட்டாமல் இருந்திருந்தாலே தேவலை. நாலு மாதம் கழித்து யார் இதை ஞாபகம் வைத்திருக்கிறார்கள் என்பது வேறு கதை.

வைக்கிற இடம் உலர்ந்து இருக்கட்டும், வெறும் சிமெண்ட் தரையில் வைக்காமல் ஒரு பலகை மேல் நேராக நிமிர்த்தி வையுங்கள், இந்த ரகத்தைப் படுக்க வைத்தால் ஆயில் ஏர் ஃபில்டர் வரை வந்துவிடும். பெட்ரோல் மூடியில் காற்றுத் துளைக்கான சின்ன லீவர் இருந்தால் அதையும் மூடுங்கள். மேலே போர்த்தக் கூடவே கொடுத்த பிளாஸ்டிக் உறை இந்த மெஷினின் மிக மட்டமான பாகம், காற்றே போகாது, உள்ளே வேர்த்து ஈரம் சொட்டுகிறது. பழைய பருத்தி வேட்டியோ பெட்ஷீட்டோ போர்த்துவதே மேல்.

திரும்ப எடுக்கும்போது துணியையும் சீட்டையும் எடுத்துவிட்டு, ஆயில் அளவைப் பார்த்து, பெட்ரோல் குழாயை விரலால் அழுத்தி வெடிப்பு இருக்கிறதா என்று தடவிப் பார்த்து, புது பெட்ரோல் ஊற்றுங்கள். காலியான கிண்ணம் நிரம்புவதற்கு நேரம் பிடிக்கும், அதனால் குமிழை ரன் பக்கம் திருப்பிக் கொஞ்சம் காத்திருந்தோ கூடுதலாகச் சில இழுப்பு இழுத்தோ பார்க்க வேண்டும், உடனே ஸ்டார்ட் ஆகவில்லை என்று மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டாம். முதலில் வெள்ளையாகப் புகை வரும், சிலிண்டருக்குள் நாம் விட்ட ஆயில் எரிகிறது, கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிடும். தெளியவில்லை என்றால்தான் கவலை. எவ்வளவு சின்ன சோதனை ஓட்டமாக இருந்தாலும் வெளியில்தான், கதவைத் திறந்து வைத்த கராஜிலும் கூடாது, புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு வாடையே கிடையாது. ஐந்து நிமிடம் லோடு இல்லாமல் ஓடவிட்டு, ஈகோ சுவிட்சைப் போட்டுப் பாருங்கள். வேகம் ஏறி இறங்காமல் ஒரே சீராக ஓடினால் அப்புறம் ஃபிரிட்ஜை மாட்டலாம்.